விலை கூடிய ஸ்பீட் க்யூப் வாங்கலாமுங்களா? கொங்குப் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ரூபிக்ஸ் க்யூபை, அதாவது ஆறு பக்கமும் நிறம் சேர்க்கிற புதிரை, வேகமாக முடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படி வேகமாகச் சுற்றுவதற்கென்றே செய்வதுதான் ஸ்பீட் க்யூப். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கமிருந்தும் வருகிறார்கள். வகுப்பு முடிந்து வண்டியை எடுக்கும் நேரத்தில் பெற்றோர் தயங்கிக் கேட்பது பெரும்பாலும் விலையைப் பற்றித்தான். எல்லோருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். விலைகள் எல்லாம் தோராயமானவை, கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

சுருக்கமாகச் சொல்லுங்க. ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து ஒரு க்யூப் வாங்கலாமா, வேண்டாமா?

இப்போதுதான் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு வேண்டாம். 700 முதல் 1,200 ரூபாய்க்குள் காந்தம் வைத்த நல்ல க்யூப் ஒன்று போதும். ஒரு க்யூபை முடிக்கும் சராசரி நேரம் 12, 13 நொடிக்குக் கீழே வந்துவிட்ட பிள்ளைக்கு, வீட்டில் வசதியும் இருந்தால், வாங்கிக் கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் மீதியையும் படிக்க வேண்டும்.

கோவை டவுன்ஹால் பக்கம் ஃபேன்சி கடையில் நூறு ரூபாய்க்கே க்யூப் கிடைக்கிறதே. அதற்கும் காந்தக் க்யூபுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

நிறைய வித்தியாசம். நான் காசைக் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வதும் இந்த இடத்தில்தான்.

க்யூபைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் ஆறு கை உள்ள ஒரு கோர் இருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு நடுத்துண்டு, திருகும் ஸ்பிரிங்கும் வைத்துப் பொருத்தியிருக்கும். அவற்றைச் சுற்றி 12 ஓரத்துண்டுகள், 8 மூலைத்துண்டுகள். இவை ஒட்டியிருப்பதில்லை. ஒன்றின் கால் இன்னொன்றின் அடியில் சொருகி நிற்கிறது, அவ்வளவுதான். ஆகவே அந்தக் கால்களின் வளைவும், துண்டுகளுக்கு இடையே விட்ட இடைவெளியும் சரியாக இருந்தால்தான் க்யூப் ஓடும். நூறு ரூபாய் க்யூபில் உள் முனைகள் கூராக இருக்கும், பிசிறும் இருக்கும். ஒரு அடுக்கு முழுவதுமாக நேராகி நின்றால் ஒழிய அடுத்த அடுக்கு நகராது. வேகமாகச் சுற்றினால் சிக்கிக்கொள்ளும், இல்லையென்றால் துண்டு தெறித்துவிடும். பிள்ளைகள் இதைத்தான் லாக் அப், பாப் என்கிறார்கள்.

நல்ல க்யூபில் அந்த உள் முனைகளை உருட்டி விட்டிருப்பார்கள். முந்தைய அடுக்கு கொஞ்சம் கோணலாக நின்றாலும் அடுத்த அடுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இதற்குப் பெயர் கார்னர் கட்டிங்.

அடுத்தது காந்தம். சாதாரண காந்தக் க்யூபில் 48 சின்னக் காந்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மூலைத்துண்டிலும் 3, ஒவ்வொரு ஓரத்துண்டிலும் 2. அடுக்கு நேராக வந்ததும் இவை ஒன்றையொன்று இழுத்து நிறுத்திவிடும். விரல் தட்டிய வேகத்தில் அடுக்கு தாண்டிப் போகாது, பாதியில் தொங்கவும் செய்யாது. அடுக்கு வந்து நின்றது கைக்குத் தெரியும், கண் அங்கே போக வேண்டியதில்லை. அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று தேடலாம். கற்றுக்கொள்கிற பிள்ளைக்குக் காந்தத்தால் கிடைக்கிற பெரிய லாபம் இந்தத் தேடும் நேரம்தான்.

நூறு ரூபாய் க்யூபில் பழகின பிள்ளை மணிக்கட்டையே திருப்பும், விரலால் தட்டாது. தட்டினால்தான் நகரவே நகராதே! அந்தப் பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் முதல் க்யூபே காந்தக் க்யூபாக இருக்கட்டும் என்கிறேன்.

சரி, ஆயிரம் ரூபாய் க்யூபுக்கும் ஆறாயிரம் ரூபாய் க்யூபுக்கும் என்ன வித்தியாசம்?

இங்கே வித்தியாசம் சிறியது. ஆனால் பொய்யான வித்தியாசம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் சரிக்கட்டும் வசதி. மலிவான காந்தக் க்யூபில் திருகை முடுக்கலாம், தளர்த்தலாம், பல மாடல்களில் அதோடு முடிந்தது. விலை கூடியதில் திருகுக்குத் தனியாக, ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்குத் தனியாக, காந்தத்தின் பலத்துக்குத் தனியாக என்று ஏற்பாடுகள் இருக்கும். காந்தத்தைத் துண்டுக்குள்ளேயே முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் வைக்கலாம்.

அடுத்தது மேக்லெவ். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒன்றையொன்று தள்ளும் இரண்டு காந்தங்களை அந்த இடத்தில் வைப்பது. ஸ்பிரிங் உராயும் கரகரப்பு போய்விடும், சுற்று லேசாக இருக்கும். லேசான சுற்று எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. கைக்கு அடங்காமல் ஓடுகிறது என்று பழைய க்யூபுக்கே திரும்பின பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு கோரிலேயே காந்தம் வைப்பது. மூலைத்துண்டின் காலைக் கோர் தன் பக்கம் இழுக்கிறது. நேராக நிற்பதில் இன்னும் ஒரு பிடிப்பு கிடைக்கும், க்யூப் குலையாமல் இருக்கும். வேகமாகச் சுற்றுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

யூவி பூச்சு என்று ஒன்று இருக்கிறது. மேலே பளபளப்பான ஒரு படலம், வழுக்காமல் பிடிக்கும். பார்க்க அழகு, கீறலும் சீக்கிரம் தெரியும். இதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன மேக்லெவ், கோர் காந்தம் எல்லாம் விலை கூடிய க்யூபில்தான் என்று இருந்த காலம் போய்விட்டது. மோயு கம்பெனியின் சூப்பர் ஆர்எஸ் 3 எம் போன்ற நடுத்தர விலை க்யூபுகளிலேயே அவை வந்துவிட்டன. நேற்று ஆறாயிரத்துக்கு விற்ற அம்சம் இன்று ஆயிரத்து ஐநூறுக்கு இறங்கி வருகிறது. காத்திருக்கத் தெரிந்தவருக்கு லாபம்.

பிளாஸ்டிக்தானே, எதற்கு இவ்வளவு விலை?

கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு (டை) செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை எளிதாகப் புரிந்துகொள்வார்கள். பிளாஸ்டிக்குக் காசு கொஞ்சம்தான். காசெல்லாம் அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் தனி அச்சு, ஒரு துண்டே இரண்டு மூன்று பாகமாக வந்து உள்ளே காந்தத்தை வைத்து மூட வேண்டும், எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு துண்டு கொஞ்சம் பருத்துவிட்டாலும் கை கண்டுபிடித்துவிடும். வேலை செய்கிறவர்களின் கூலி, புது வடிவமைப்புக்கான செலவு, பெட்டி, பெயருக்கான விலை எல்லாம் அதன்மேல் ஏறுகின்றன.

அப்புறம் வரி. இந்த க்யூபுகள் பெரும்பாலும் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் செய்யப்படுகின்றன. சுங்கப் பட்டியலில் புதிர்கள் பொம்மைகளோடுதான் வருகின்றன. பொம்மை இறக்குமதி வரியை 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்த்தினார்கள், 2023 பட்ஜெட்டில் அது 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்குத் தரச் சான்றும் கட்டாயம். ஆகவே அமெரிக்கக் கடையின் டாலர் விலையை ரூபாயாக்கி வைத்துக்கொண்டு, இங்கே ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தாலும் சுங்கத்தில் வரி கேட்பார்கள். க்யூபுலெலோ போன்ற உள்நாட்டுக் கடைகளில் வாங்குவதுதான் நிம்மதி. ஏதாவது கோளாறு என்றால் பேசுவதற்கு ஆள் இருக்கும்.

எங்கள் பையன் 45 நொடியில் முடிக்கிறான். கான் கம்பெனியின் விலை கூடிய க்யூப் வாங்கினால் 20 நொடிக்கு வந்துவிடுவானா?

வர மாட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

ஆரம்ப முறையில், அதாவது அடுக்கடுக்காகச் செய்வதில், ஒரு க்யூபை முடிக்க நூறு சுற்றுக்கு மேல் ஆகும். 45 நொடியில் நூறு என்றால் நொடிக்கு இரண்டு சுற்றுதான். எந்தக் காந்தக் க்யூபும் அந்த வேகத்துக்குத் தாங்கும். பையன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கை ஓடுகிற நேரத்தைவிட நின்று தேடுகிற நேரம்தான் அதிகமாக இருக்கும். அந்த நிற்றலைக் குறைக்கிற பொருள் எந்தக் கடையிலும் இல்லை.

அவன் செய்ய வேண்டியது சிஎஃப்ஓபி முறைக்கு மாறுவது. முதலில் அடியில் க்ராஸ், பிறகு மூலையையும் ஓரத்தையும் ஜோடியாக ஏற்றுவது, கடைசி அடுக்கில் முதலில் நிறம், பிறகு இடம். இதில் ஒரு க்யூப் 55, 60 சுற்றில் முடிந்துவிடும். ஏறக்குறையப் பாதி வேலை குறைகிறது. கடைசி அடுக்குக்கு முழுதாகப் படித்தால் நிறத்துக்கு 57, இடத்துக்கு 21 அல்காரிதம், அதாவது மனப்பாடம் செய்யும் சுற்று வரிசைகள், இருக்கின்றன. முதலில் சுருக்கமான பட்டியலை வைத்து ஆரம்பித்தால் போதும், மீதியை மெதுவாகச் சேர்க்கலாம். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை. இணையத்தில் எல்லாமே இருக்கிறது, நேரம் பார்க்க சிஎஸ்டைமர் இலவசம்.

பனியன் கம்பெனியில் புது ஓவர்லாக் மெஷின் போட்டால் கைதேர்ந்த டெய்லருக்கு வேலை கூடும், நேற்றுச் சேர்ந்த ஹெல்பருக்கு எந்த மெஷினும் ஒன்றுதான். க்யூபும் அப்படித்தான்.

உலகச் சாதனை செய்கிறவர்கள் எல்லாம் விலை கூடிய க்யூபைத்தானே வைத்திருக்கிறார்கள்?

ஆமாம். அவர்கள் நொடிக்குப் பத்துச் சுற்றுக்கு மேல் போகிறவர்கள், நூறில் ஒரு பங்கு நொடிக்குப் போராடுகிறவர்கள். பலருக்குக் கம்பெனிகளே க்யூபைக் கொடுக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் பழைய நேரங்களையும் எடுத்துப் பாருங்கள். எர்னோ ரூபிக் 1974இல் கண்டுபிடித்த க்யூபின் முதல் உலகப் போட்டி 1982இல் புடாபெஸ்ட்டில் நடந்தது. மின் தாய் 22.95 நொடியில் முடித்து வென்றார். இன்று நாம் பெட்டியில் போட்டுவைக்கிற ரகத்தைவிடக் கடினமாகச் சுற்றும் க்யூப் அது. 2011இல் ஃபெலிக்ஸ் செம்டெக்ஸ் 5.66 நொடி. 2015இல் லூகாஸ் எட்டர் 4.90 நொடி, ஐந்து நொடிக்குக் கீழே வந்த முதல் ஆள். காந்தம் வைத்த க்யூப் கடைகளில் பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்ததைவிட இன்றைய ஆயிரம் ரூபாய் க்யூப் நல்ல க்யூப் என்பதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். 2023இல் மேக்ஸ் பார்க் 3.13 நொடிக்கு வந்தார் என்றால் அதில் க்யூபுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரும் பங்கு அவருடைய கண்ணுக்கும் கைக்கும், ஒவ்வொரு நாளும் அவர் உட்கார்ந்த நேரத்துக்கும்தான்.

அப்படியென்றால் எந்தக் கட்டத்தில் வாங்கலாம்?

நான் மூன்று விஷயம் பார்ப்பேன்.

பிள்ளை நின்று தேடுவது குறைந்து, கை நிற்காமல் ஓடுகிறதா? 10 நொடியில் முடிக்கிறவர் நொடிக்கு ஆறு சுற்று போகிறார். அந்த வேகத்தில் ஒரு தடவை சிக்கினாலே அரை நொடி போய்விடும். அங்கே நல்ல க்யூப் உண்மையில் நேரத்தைக் காப்பாற்றும்.

இருக்கிற க்யூபை நன்றாகச் சரிக்கட்டிப் பார்த்தாகிவிட்டதா? நிறைய பேர் இதைச் செய்வதே இல்லை. துடைத்து, ஆறு திருகையும் ஒரே அளவுக்கு வைத்து, லூப் (க்யூபுக்கென்று வரும் சிலிகான் மசகு) விட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்குப் புது க்யூப் ஆசையே போய்விடுகிறது.

பிள்ளைக்குத் தனக்கு என்ன குறை என்று சொல்லத் தெரிகிறதா? "வேகம் பத்தலைங்க" என்றால் இன்னும் நாள் இருக்கிறது. "யூ லேயர் (மேல் அடுக்கு) தாண்டிப் போகுதுங்க, காந்தம் இன்னும் பலமா வேணும்" என்றால் அந்தப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம். வாங்குவதற்கு முன் நண்பனிடமோ போட்டி நடக்கிற இடத்திலோ அந்த மாடலைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்க்கட்டும். இது மட்டும் கட்டாயம். க்யூப் கைக்குக் கை மாறும். வீடியோவைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

போட்டிக்கு இன்ன கம்பெனி க்யூப்தான் கொண்டுவர வேண்டும் என்று விதி உண்டா?

இல்லை. உலக க்யூப் சங்கம் 2004இல் தொடங்கியது, 17 பிரிவுகளில் போட்டி நடக்கிறது. எந்தக் கம்பெனி க்யூபும் கொண்டுவரலாம், காந்தமும் இருக்கலாம். உங்கள் க்யூபை நீங்களேதான் கொண்டுபோக வேண்டும்.

விலை விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் இரண்டு. க்யூப் நடுவில் தெறித்துவிட்டால் சேர்த்துக்கொண்டு தொடரலாம், அதற்காக இன்னொரு வாய்ப்பு தர மாட்டார்கள். முடிக்கும்போது ஒரு அடுக்கு 45 பாகைக்கு மேல் கோணலாக நின்றால் 2 நொடி கூட்டிவிடுவார்கள். இரண்டையும் ஆயிரம் ரூபாய்க் காந்தக் க்யூபே பெரும்பாலும் தடுத்துவிடும். 3x3இல், அதாவது இதுவரை பேசிய சாதாரண க்யூபில், ஐந்து தடவை செய்து, மிகக் குறைந்த நேரத்தையும் மிகக் கூடிய நேரத்தையும் விட்டுவிட்டு நடு மூன்றுக்குச் சராசரி போடுவார்கள். ஆகவே ஒரு தடவை பறப்பதைவிட ஒரே சீராக ஓடுகிற க்யூப்தான் உதவும்.

ஸ்மார்ட் க்யூப்?

போனோடு இணைந்து ஒவ்வொரு சுற்றையும் காட்டும். எங்கே நிற்கிறோம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ள நல்லது. ஆனால் உள்ளே மின்னணுப் பாகங்கள் இருப்பதால் போட்டியில் ஏற்க மாட்டார்கள். இரண்டாவது க்யூபாக வாங்கலாம், முதல் க்யூபாக வேண்டாம்.

4x4, 5x5 போன்ற பெரிய க்யூப், பன்னிரண்டு பக்கமுள்ள மெகாமின்ஸ் இதற்கெல்லாமும் மலிவே போதுமா?

இங்கே என் பதில் மாறும். பெரிய க்யூபில் காசு பேசும். 4x4இலிருந்து உள் அடுக்குகள் இருக்கின்றன, உள்ளே துண்டுகளும் அதிகம். மலிவானது நடுவில் சிக்கும், அடுக்கு சரிந்து நிற்கும், பிள்ளைக்கு வெறுப்பு வந்துவிடும். காந்தம் இல்லாத 4x4 வாங்குவதற்குப் பதிலாக வாங்காமலே இருக்கலாம். 6x6, 7x7 என்று போகிறவர்களுக்கு விலை கூடியதன் பலன் தெளிவாகவே தெரியும். ஆயிரம் ரூபாய் 3x3இலிருந்து ஆறாயிரம் ரூபாய் 3x3க்குப் போவதைவிட, அந்தக் காசுக்கு ஒரு நல்ல 4x4 எடுத்தால் விளையாட்டே விரியும்.

பிரமிடு வடிவப் பிரமின்ஸ், மூலையைப் பிடித்துச் சுற்றும் ஸ்க்யூப் இரண்டுக்கும் நடுத்தர விலையே தாராளம். சுற்றச் சுற்ற வடிவமே மாறும் ஸ்கொயர் ஒன் மட்டும் காந்தம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

சோமனூர் பக்கம் எங்களுக்குத் தறி. க்யூபுக்குள் பஞ்சு அடைக்கிறது. விலை கூடியது வாங்கினால் அடைக்காதா?

அடைக்கும். இன்னும் சொன்னால் விலை கூடியதில் பாகங்கள் அதிகம், சரிக்கட்டும் பள்ளங்கள் அதிகம், பஞ்சு தங்க இடமும் அதிகம். லூப் விட்ட க்யூபில் பஞ்சுத் தூசி ஒட்டிக் கறுப்புப் பசையாகத் திரண்டுவிடும். சோமனூர், பல்லடம், திருப்பூர் பிள்ளைகளின் க்யூப் மாதம் ஒரு தடவையாவது பிரித்துத் துடைக்க வேண்டியிருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் சொல்கிற கணக்கு நமக்குச் சரிப்படாது.

ஒரு நடுத்துண்டைத் திருகு தளர்த்தி, ஓரத்துண்டு ஒன்றை நெம்பி எடுத்தால் மீதி தானாக வரும். வலுக்கட்டாயம் கூடாது. உலர்ந்த பருத்தித் துணியாலும் மென்மையான பழைய பல் துலக்கியாலும் காலிடுக்குகளைத் துடையுங்கள். கோரில் சுற்றிக்கொண்ட நூலைச் சாமணத்தால் எடுங்கள். தண்ணீர் வேண்டாம், காந்தத்தில் துருப் பிடிக்கும். பயன்படுத்தாத நேரத்தில் டப்பாவிலோ துணிப் பையிலோ போட்டுவைத்தால் பாதித் தொல்லை குறையும். தறிக்கூடத்துக்குள் வைத்துச் சுற்றாதே கண்ணு, வீட்டுக்குள் வந்து சுற்று.

தையல் மெஷின் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. அதை விடலாமா?

வேண்டவே வேண்டாம். மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் கூடாது. பெட்ரோலிய எண்ணெய்கள் நாளடைவில் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். சிலிகான் லூப் சின்ன பாட்டில் வாங்குங்கள், வெகுநாள் வரும். ஒரு துளி, இரண்டு துளி போதும். நிறைய விட்டால் க்யூப் மந்தமாகிவிடும்.

பழைய கான் க்யூப் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். கான் கம்பெனி 2020இலிருந்து 11 எம் ப்ரோ, 12, 13, 14 என்று ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக விட்டுக்கொண்டிருந்தது. புதுசு வந்ததும் பழசைக் கைமாற்றுகிறவர்கள் உண்டு. முந்தைய மாடலில் குறை ஒன்றும் இல்லை, அதை வைத்து யாரும் தோற்றுப்போக மாட்டார்கள். கையில் வாங்கி ஆறு பக்கமும் மெதுவாகச் சுற்றுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பிடிப்பு இல்லையென்றால் காந்தம் கழன்றிருக்கிறது என்று பொருள். குலுக்கினால் உள்ளே சலசலவென்று கேட்டாலும் அதேதான். நடுமூடிகளைக் கழற்றி உள்ளே விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிக்கட்டும் கருவியும் பெட்டியும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள், அது இல்லாமல் விலை கூடிய க்யூபில் பாதிப் பயன் இல்லை.

நம்ப முடியாத விலைக்குப் புது கான் க்யூப் என்று யாராவது விற்றால் அது போலி.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. காந்தம் ஆபத்து என்று அப்பாரு சொல்கிறார். உண்மையா?

அப்பாரு சொல்வது சரி. முழுதாக இருக்கும் க்யூபில் காந்தங்கள் உள்ளே மூடியிருக்கும், பயமில்லை. கீழே விழுந்து துண்டு உடைந்தால் காந்தம் வெளியே வந்துவிடும். மிளகு அளவுதான் இருக்கும், பலம் ரொம்ப அதிகம். குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். உடைந்த துண்டை அன்றைக்கே தேடி எடுத்து, உள்ளே காந்தம் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இந்த விஷயத்தில் மலிவு க்யூப், விலை கூடிய க்யூப் என்ற பேதம் இல்லை.

ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறோம். நீங்களாக இருந்தால் எப்படிச் செலவு செய்வீர்கள்?

ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு காந்த 3x3. மோயு ஆர்எஸ் 3 எம் வரிசையில் ஏதாவது ஒன்று எடுத்தால் வருத்தப்பட மாட்டீர்கள். அடுத்து காந்தம் வைத்த 2x2 ஒன்று, பிரமின்ஸ் ஒன்று. இந்த இரண்டும் சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வது, போட்டியில் கலந்துகொள்ளப் பிரிவுகளும் கூடும். சிலிகான் லூப் ஒரு பாட்டில். ஆசை இருந்தால் காந்த 4x4. இவ்வளவும் போக மீதி இருக்கும். அதைப் போட்டிக்கு எடுத்து வையுங்கள். பதிவுக் கட்டணம் இருக்கிறது, கோவையிலேயே நடந்தால் பஸ்ஸில் போய்வரலாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ கொச்சிக்கோ போக வேண்டியிருந்தால் ரயில், தங்கல், சாப்பாடு எல்லாம் சேரும். ஒரு போட்டிக்குப் போய்வந்த பிள்ளை வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றதைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டு வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தன்னைவிட வேகமான ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சுற்றும்போது என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கூடப் படிக்கிற பையனிடம் இருக்கிறது, எனக்கும் வேணும் என்று அடம் பிடிக்கிறானே?

ஆசையைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். நல்ல க்யூப் கையில் இருந்தால் எடுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கத் தோன்றும், அதுவும் பயிற்சிதான். ஆனால் இலக்கு வைத்துக் கொடுங்கள். சராசரி 20க்குக் கீழே வந்தால் நடுத்தர விலையில் ஒன்று, 12க்குக் கீழே வந்தால் நீ கேட்டது என்று சொல்லிவிட்டு, வந்ததும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. அப்புச்சி பிறந்தநாளுக்கு வாங்கித் தருகிறேன் என்று நின்றால், அதற்கு நான் குறுக்கே பேச மாட்டேன். வட்டிக்கு வாங்கியோ, தவணையில் போட்டோ மட்டும் வேண்டாம். அந்த அளவுக்கு இதில் எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகலாமா?

விலை கூடியதை வீட்டில் வைத்துவிடுங்கள். பள்ளிக்குப் பழையதே போதும்.

புது க்யூப் வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே திருகாதீர்கள். பெட்டியிலிருந்து வந்தபடியே ஒரு வாரம் சுற்றுங்கள். புதுப் பிளாஸ்டிக் கொஞ்சம் தேய்ந்து இளகும், உங்கள் கையும் பழகும்.

அதன் பிறகு குறையை வைத்துச் சரிக்கட்டுங்கள். துண்டு தெறிக்கிறது என்றால் எல்லாத் திருகையும் கால் சுற்று முடுக்குங்கள். சிக்குகிறது, இறுக்கமாக இருக்கிறது என்றால் கால் சுற்று தளர்த்துங்கள். அடுக்கு தாண்டிப் போகிறது என்றால் காந்தத்தின் பலத்தை ஒரு படி கூட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். ஆறு பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும். மாற்றுவதற்கு முன்னால் இருந்த அளவை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால், பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பங்குனி சித்திரையில் பிளாஸ்டிக் நெளிந்துவிடலாம்.